முந்நூற்றுப் பதினொன்றாம் அறைக் கதவு

டார்ம்ஸ்டாட்
20.10.2002

பிரியமுள்ள கண்மணி அக்காவுக்கு,

தம்பி வசந்த் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீ, அத்தான், அப்பா மூவரும் பாளையங்கோட்டையில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகும் அப்பாவுக்கு எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அதனால் என்ன, வழக்கம்போல நீயே வாசித்துக் காட்டு. அவர் என்ன சொல்கிறார் என்பதையும் எழுது.

இங்கே எனக்கு ஒரு பதவி வந்திருக்கிறது, சிரிக்காதே. ஹாஸ்டலில் மூன்றாவது தளத்துக்கு என்னைப் பொறுப்பாளராக்கிவிட்டார்கள். பன்னிரண்டு அறை, ஒரு சமையலறை. யார் பால் கெட்டுப்போனாலும் என் தலையில்தான் விடியும். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அதுதான் என் தகுதி. லேபில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பாத்திரம் கழுவாதவன் யார் என்று விசாரணை நடத்துகிறேன்.

தளத்தில் இரண்டு பேரை உனக்குத் தெரிய வேண்டும். ஒருவன் டோர்ஸ்டன், ஜெர்மன்காரன், எனக்கு அடுத்த அறை. எனக்கு வரும் அரசாங்கக் கடிதத்தையெல்லாம் அவன்தான் வாசித்துச் சொல்கிறான். விசா நீட்டிப்புப் படிவத்தையும் அவன்தான் நிரப்பித் தருகிறான். இன்னொருத்தி யானா, முந்நூற்றுப் பதினொன்றாம் அறை, கட்டடக்கலை படிக்கிறாள். உக்ரைனிலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு வந்தவள். யூதப் பெண். என் ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிற ஒரே ஆள் இந்த ஊரில் அவள்தான்.

தூக்கம் வருகிறது. அத்தானுக்கு என் ஸ்தோத்திரம்.

அன்புத் தம்பி,
வசந்த்

*

பாளையங்கோட்டை
8.11.2002

என் தம்பி வசந்துக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. எல்லாரும் சுகம். எனக்குத்தான் முட்டு வலி. பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்பு கொடுத்திருக்கிறார்கள், ஹெட்மிஸ்ட்ரஸுக்கு என்மேல் அவ்வளவு பிரியம்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். பதவி என்றதும் சிரித்தார். ரயில்வே காலனியில் தண்ணீர்க் குழாய்க்குச் செயலாளராக இருந்து அவர் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். யானா என்கிற அந்தப் பிள்ளையின் தகப்பனார் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கச் சொன்னார். அவருக்கு யாரைச் சொன்னாலும் தகப்பன் வேலை தெரிந்தாக வேண்டும்.

எனக்கு யூதர் என்றால் வேதத்தில் வருகிறவர்கள்தான். பிரசங்கத்தில் அவர்களைத் திட்டிக் கேட்டிருக்கிறேனே தவிர, ஒருத்தி ரசம் குடிப்பாள் என்று யோசித்ததில்லை. அவளுக்கு மிளகைக் கொஞ்சம் குறைத்துப் போடு.

படிப்பைப் பார். ஏப்ரலில் தீசிஸ் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதே. ஊர் வம்பில் தலையைக் கொடுக்காதே.

உன் அக்கா,
கண்மணி

*

டார்ம்ஸ்டாட்
14.12.2002

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம், குளிர்தான் கொல்கிறது. இந்தக் கடிதம் வரும்போது கிறிஸ்துமஸ் வந்திருக்கும். உங்கள் மூவருக்கும் வாழ்த்துகள். யானாவின் அப்பா அங்கே பாலம் கட்டும் இஞ்சினியராக இருந்தாராம். இங்கே வந்து ஆஃபன்பாக்கில் கார் நிறுத்துமிடத்தில் காவல் பார்க்கிறார். அப்பாவிடம் சொல்.

ஒரு விஷயம். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் இறக்கிவைக்கிறேன்.

நவம்பர் கடைசியில் யானாவும் இன்னும் ஆறு யூத மாணவர்களும் அவர்கள் விளக்குப் பண்டிகைக்கு எங்கள் சமையலறையில் கூடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பொறுப்பாளன் என்ற முறையில் நான்தான் அனுமதி கொடுத்தேன். நோட்டீஸைக் கிழித்தார்கள். போகட்டும் என்று வேறு ஒட்டினோம். அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலை ஆறு மணிக்கு லேபுக்குக் கிளம்புகிறேன், அவள் கதவில் கறுப்பு மையில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரம், அதன்மேல் தூக்குக் கயிறு, கீழே ‘உங்களுக்கு இங்கே இடமில்லை’. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எழுந்துவந்து இதையா பார்க்க வேண்டும்? லேபிலிருந்து அசிட்டோன் கொண்டுவந்து அவள் எழுவதற்குள் துடைத்துவிட்டேன். மறுவாரமும் அதே. அதையும் துடைத்தேன். கதவு பெயின்ட்டும் சேர்ந்து போய் அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. “இதென்ன, தேமல் மாதிரி?” என்று யானா கேட்டாள். பழைய கறை என்றேன்.

மூன்றாவது தடவை எழுதியவனையே பார்த்துவிட்டேன் அக்கா. கதவுப் பக்கமிருந்து பேனாவை மூடிக்கொண்டு வந்தது டோர்ஸ்டன். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். “சும்மா விளையாட்டுக்கு. டிவியில் யூதர் நாட்டுச் சண்டையைப் பார்த்தால் கோபம் வருகிறது. இவளும் நோட்டீஸ் ஒட்டுகிறாளே” என்றான். அவன் போனதும் துடைத்தேன். அன்று சாயங்காலம் என் விசா படிவத்தில் மீதிப் பக்கத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தான்.

தளத்தில் மற்றவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது. யாரும் பேசுவதில்லை. அவளுக்கு மட்டும் தெரியாது. நான் செய்தது சரிதானே? அப்பாவிடம் வாசித்துவிட்டு எழுது.

வசந்த்

*

பாளையங்கோட்டை
4.1.2003

அன்புள்ள தம்பிக்கு,

புது வருஷ ஆசீர்வாதம். இங்கே யாவரும் சுகம். பாதிரா ஆராதனைக்கு அப்பா நடந்தே வந்தார், உனக்காகத் தனியாக ஜெபம் சொல்லச் சொன்னார்.

உன் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. நீ செய்தது சரிதான். ஒரு பெண்பிள்ளை காலையில் கண் விழித்து அப்படி ஒன்றைப் பார்க்காமல் செய்தாய், இதைவிட வேறென்ன செய்ய முடியும்? அம்மா இறந்த வருஷம் உனக்கு எம்.எஸ்சி. பரீட்சை. கடைசிப் பேப்பர் எழுதும்வரை அம்மாவுக்குக் கான்சர் என்று உன்னிடம் சொன்னோமா? நோகிற பிள்ளைக்கு நோகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வீட்டு வளர்ப்பு.

அந்தப் பையனை நீ பகைத்துக்கொள்ளாதே. அவன் தேவை உனக்கு இருக்கிறது. படிப்பு முடிய நான்கு மாதம், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். அப்பாவும் நன்றாகப் படிக்கச் சொன்னார்.

ஸ்வெட்டர் போடு.

உன் அக்கா,
கண்மணி

*

டார்ம்ஸ்டாட்
16.2.2003

பிரியமுள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன், இரண்டு தடவையும் அப்பா தூங்குகிறார் என்றாய். அவ்வளவு தூக்கம் அவருக்கு ஏது? டாக்டரிடம் காட்டு.

என் சுகத்தைக் கேட்காதே. போன வாரம் ஒரு கருத்தரங்குக்காக ஸ்டுட்கார்ட் போய் நம்ம ஊர் தியாகு வீட்டில் மூன்று நாள் தங்கினேன். அந்த மூன்று நாளில் டோர்ஸ்டன் மறுபடி எழுதிவிட்டான். துடைக்க ஆள் இல்லை. யானாவே பார்த்தாள். போட்டோ எடுத்துக்கொண்டு நேராக ஹாஸ்டல் நிர்வாகத்திடம் போனாள். யாரோ ஒருமுறை குடித்துவிட்டுச் செய்த கிறுக்குத்தனம், பெரிதாக்க வேண்டாம் என்றார்களாம். அப்போதுதான் யானாவுக்குப் பக்கத்து அறைப் பெண் வாயைத் திறந்தாள். இது நான்காவது தடவை, முன்னே மூன்றையும் வசந்த் துடைத்தான் என்று.

யானா சமையலறைக்கு வந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“மூன்று தடவையா?”

“நீ வருத்தப்படக் கூடாது என்றுதான்.”

“இரண்டு மாதம் நான் இந்தத் தளத்தில் எல்லாருக்கும் குட்மார்னிங் சொன்னேன். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எழுதினவனுக்கும் நான் சொல்லியிருப்பேன், இல்லையா?”

நான் பானையைப் பார்த்தேன். தினமும் டோர்ஸ்டனுக்குக் காப்பி ஊற்றிக்கொடுப்பவளே அவள்தான்.

இப்போது நிலைமை இதுதான். தொடர்ந்து நடந்தது என்று நிரூபித்தால் எழுதினவனை ஹாஸ்டலை விட்டு அனுப்புவார்கள். ஒரு தடவை என்றால் ஒரு எச்சரிக்கை நோட்டீஸ், அதுவும் பெயர் இல்லாமல். மூன்று தடவைக்குச் சாட்சி நான்தான், மற்றவர்கள் கேள்விப்பட்டவர்கள். நான் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். “பார்த்ததை எழுது, அது போதும்” என்கிறாள். யார் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. யோசிக்க நாள் கேட்டிருக்கிறேன்.

விசா மார்ச்சில் முடிகிறது. டோர்ஸ்டன் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான், பதில் வரவில்லை. நிர்வாக அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தளத்தின் நல்ல பெயர் உங்கள் கையில் என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்பாவிடம் கேள். அவர் என்ன சொல்கிறாரோ அப்படியே செய்கிறேன். சீக்கிரம் எழுது.

வசந்த்

*

பாளையங்கோட்டை
1.3.2003

தம்பிக்கு,

சுகம். எனக்குத்தான் உடம்புக்குச் சரியில்லை, அதனால் எழுதவில்லை.

அப்பா சொன்னார், உனக்கு வேண்டாத வேலை, கையெழுத்துப் போடாதே என்று. நாம் பிழைக்கப் போன இடம். விசாவைப் பார், தீசிஸைப் பார். அந்தப் பிள்ளைக்கு வேறு ஹாஸ்டல் கிடைக்கும்.

போன் செய்து பணத்தை வீணாக்காதே.

அக்கா

*

டார்ம்ஸ்டாட்
23.3.2003

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு இப்போது தேவலையா? என்ன என்று எழுதவே இல்லையே.

அப்பா சொன்னபடி செய்துவிட்டேன். யானாவிடம், ‘யார் என்று சரியாகப் பார்க்கவில்லை, எத்தனை தடவை என்பதும் நினைவில்லை’ என்றேன். என் அப்பாவும் வேண்டாம் என்கிறார் என்றேன். அதை ஏன் சொன்னேனோ தெரியவில்லை. இருபத்தெட்டு வயதுக்காரன். “உன் அப்பா நல்லவர் என்றுதானே சொல்வாய்” என்றாள்.

பதினைந்தாம் தேதி அவள் அப்பா பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து சாமான்களை ஏற்றினார். ஆஃபன்பாக்கிலிருந்து தினமும் ரயிலில் வந்து படிக்கப் போகிறாள். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக் கீழே கொண்டுபோனேன். அவள் அப்பா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவள் சொல்லவில்லை. டோர்ஸ்டனும் ஒரு பெட்டி தூக்கினான்.

விசா வந்துவிட்டது. இரண்டு வருஷம். வேலையெல்லாம் சரியாக நடக்கிறது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வசந்த்

*

டார்ம்ஸ்டாட்
21.4.2003

அக்காவுக்கு,

நேற்று ஈஸ்டர் வாழ்த்துச் சொல்ல ஸ்டுட்கார்டிலிருந்து தியாகு போன் செய்தான். வாழ்த்துச் சொல்லிவிட்டு, “ஏல வசந்து, அப்பா அடக்கத்துக்கு எங்கம்மா போயிருந்தாவளாம். நல்ல கூட்டமாம்ல. பிப்ரவரியில நீ இங்க தங்கயிலயே எனக்குத் தெரியாமப் போச்சே, மன்னிச்சுக்கோ” என்றான். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறான். நான் ‘சரி’ என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் உனக்குப் போன் செய்தேன். நீ அழுதாய், அத்தான் வாங்கிப் பேசினார். பிப்ரவரி ஒன்பது என்றார். தீசிஸ் முடியட்டும் என்றுதான் சொல்லவில்லை, உன் நல்லதுக்குத்தான் என்றார். தெரு முழுக்கத் தெரியும், சபை முழுக்கத் தெரியும், தியாகு வீட்டில் தெரியும்.

பிப்ரவரி பதினாறாம் தேதி அப்பாவிடம் கேட்டுச் சொல் என்று எழுதினேன். மார்ச் முதல் தேதி நீ, ‘அப்பா சொன்னார்’ என்று எழுதினாய். அடக்கம் முடிந்து இருபது நாள் அக்கா. செத்தவர் வாயில் உன் பேச்சை வைத்து அனுப்பினாய். நான் அதை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே போய்ச் சொன்னேன்.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத வரவில்லை. ஆனால் யாரிடம் என்ன செய்தேன் என்பது இப்போது தெரிகிறது. நாளைக் காலை நிர்வாகத்திடம் போகிறேன். யாரையும் கேட்கப் போவதில்லை.

வசந்த்

*

டார்ம்ஸ்டாட்
25.5.2003

அக்காவுக்கு,

ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ சுகமாயிருப்பாய் என்று நினைக்கிறேன். அத்தானையும் கேட்டதாகச் சொல். தீசிஸ் கொடுத்துவிட்டேன்.

நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததன் பேரில் மே இருபதில் விசாரணை நடந்தது. நிர்வாகத்தில் மூன்று பேர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர், யானா, அவளோடு யூத மாணவர் சங்கத்துப் பையன் ஒருவன், எதிரில் டோர்ஸ்டன். இரண்டரை மணி நேரம் என்னைக் குடைந்தார்கள். பார்த்த மூன்று காலையையும் தேதியோடு சொன்னேன், டோர்ஸ்டன் சொன்னதையும் சொன்னேன். மார்ச்சில் நினைவில்லை என்றவர் மே மாதம் எப்படி நினைவுக்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்கள். பயந்தேன், பொய் சொன்னேன் என்றேன். கதவில் வெளுத்த இடத்தைக் காட்டினேன். ஹாஸ்டலில் பழுது பார்க்கிறவர் வந்து, அசிட்டோன் பட்டால்தான் பெயின்ட் இப்படிப் போகும் என்றார்.

ஏன் அழித்தீர்கள் என்று பல்கலைக்கழகத்துக்காரர் கேட்டார். அவளுக்கு நோகக் கூடாது என்று என்றேன். இந்த ஊர்ப் பாஷையில் அது எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்டது தெரியுமா?

டோர்ஸ்டன் ஜூன் கடைசிக்குள் அறையைக் காலிசெய்ய வேண்டும். யானா ஹாஸ்டலுக்குத் திரும்பி வரப்போவதில்லை. விசாரணை முடிந்ததும் வெளியே படியில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். “தாமதம்” என்றாள். “ஆனாலும் உன் கையெழுத்து அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அடுத்து வருகிற பெண்ணுக்கு உதவும்.” கை கொடுக்கவில்லை, ரயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். இனி பேசுவாளா, தெரியவில்லை. நானாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

தளத்தில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. அரசாங்கக் கடிதங்களை நானே அகராதி வைத்து வாசிக்கிறேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம். அலுப்பாக இருக்கிறது அக்கா, எல்லாமே அலுப்பாக இருக்கிறது.

அப்பாவுக்கு என்ன நடந்தது என்று எழுது. எனக்கு நோகும் என்று எதையும் விடாதே. நோகட்டும். எனக்கு வர வேண்டிய நோவு அது.

வசந்த்

*

பாளையங்கோட்டை
12.6.2003

என் தம்பி வசந்துக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகமாக இல்லை, அத்தான் சுகம். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை. காலையில் பல் விளக்கப் போனவர் பின்கட்டில் விழுந்துவிட்டார். வலது கையும் காலும் வரவில்லை, வாய் கோணிவிட்டது. அத்தானும் பக்கத்து வீட்டு விஜயரத்தினம் சாரும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. முதுகில் புண் வந்தது. உன்னைக் கூப்பிட வேண்டும் என்று அத்தான் சொன்னார், நான்தான் ஒப்பவில்லை. நீ வந்தால் படிப்பு போய்விடும், வராவிட்டால் உன் மனசு போய்விடும் என்று நினைத்தேன். நீ போன் செய்தபோதெல்லாம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து துணி மாற்ற வந்த நேரம். பிப்ரவரி ஒன்பது காலை பத்தரைக்கு மூச்சு நின்றது. நான் பக்கத்தில் இல்லை, காப்பி வாங்கப் போயிருந்தேன். பெட்டியை இறக்கும்போது மகன் எங்கே என்று பாதிரியார் கேட்டார், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

‘கையெழுத்துப் போடாதே’ என்றது நான். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்ற பயம். அப்பா பெயரைப் போட்டால்தான் கேட்பாய் என்று போட்டேன்.

ஆனால் அப்பா ஒன்று சொல்லத்தான் செய்தார். அதையும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் இருபத்தேழில் உன் கடிதத்தை வாசித்தேன். ‘நல்ல காரியம் செய்தான் இல்லையாப்பா’ என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தப் பிள்ளைட்டச் சொன்னானா?”

“சொல்லலப்பா.”

“பெறகு அவன் எதுக்கு அழிச்சான்? அவன் வீட்டுக் கதவா அது? எழுதினவனக் கண்ணால பாத்துட்டு, துணிய வச்சுத் தேச்சிக்கிட்டு நிக்கானே. போய்ச் சொல்லச் சொல்லு. ஒடனே எழுது.”

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தார். எழுதியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழுதிட்டேன்ப்பா என்றேன். ஜனவரி நாலாம் தேதி நான் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுக் குழறியது, முக்கால்வாசி புரியாது. முதல் வாரம் ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்து ஏதோ கேட்டார். மூன்று தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது. ‘வசந்து சொல்லிட்டானா?’

சொல்லிட்டான்ப்பா என்றேன். தலையை ஆட்டிவிட்டு மீதிக் கஞ்சியைக் குடித்தார்.

உன் அக்கா,
கண்மணி